கொடிக்கருக்கு ஏறிய இரும்பு

1885 ஜூலை 24 அன்று, கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியிலிருந்து ஒரு கடிதம், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் துப்பாக்கி ஆலைக்குக் கிளம்பியது. எழுதியவர் பேட் மாஸ்டர்சன். ஒருகாலத்தில் அந்த வட்டாரத்தின் ஷெரீஃப்; அப்போது சூதாட்டமே பிழைப்பு. தாளின் தலைப்பில் ஓபரா ஹவுஸ் சலூன் என்ற மதுக்கடையின் பெயர் அச்சாகியிருந்தது. நிக்கல் முலாம் பூசிய .45 ரிவால்வர் ஒன்று வேண்டும் என்கிறார். சொந்த உபயோகத்துக்கு என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்துச் செய்யுங்கள், அதற்கான கூலியைத் தருகிறேன் என்கிறார். விசை லேசாக இழுபட வேண்டும். குழல் முனையில் குறி பார்க்கும் முள் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்தும் தடித்தும் இருக்க வேண்டும். குழலின் நீளம், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் கம்பி முடியும் இடத்திலேயே முடிந்தால் போதும். கடைசியில் ஞாபகம் வந்தவர்போல், இதே மாதிரி இரண்டாக அனுப்பிவிடுங்கள் என்று ஒரு பின்குறிப்பு.

அந்தக் கடிதத்தில் பூ இல்லை, கொடி இல்லை, பெயர் பொறிக்கச் சொல்லும் வரி இல்லை. நிக்கலின் மினுமினுப்பு மட்டும்தான் அழகுக்கான ஏற்பாடு. அதுவும்கூட வியர்வைக்கும் மழைக்கும் இரும்பு துருப்பிடிக்காமல் காக்கிற ஏற்பாடு. மற்ற எல்லாம் உறையிலிருந்து சீக்கிரம் உருவுவதற்கும் மங்கிய வெளிச்சத்தில் குறி தெரிவதற்கும் கேட்டவை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1883-இல், அதே ஆலையின் அதே மாடல் ரிவால்வர் ஒன்று நியூயார்க்கின் ஹார்ட்லி அண்ட் கிரஹாம் கடை வழியாக இன்னொரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அப்போது 24 வயது. நியூயார்க் சட்டமன்ற உறுப்பினர், பணக்கார வீட்டுப் பிள்ளை, மூக்குக்கண்ணாடி போட்டவர், டகோட்டா புல்வெளியில் காட்டெருமை வேட்டையாடக் கிளம்பியவர். பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். அவருடைய துப்பாக்கியில் உளி படாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குழலிலும் சட்டத்திலும் தோட்டா உருளையிலும் கொடி படர்ந்திருக்கிறது. யானைத்தந்தப் பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஆட்ரி அருங்காட்சியகத்தில் அது இன்று இருக்கிறது. 1885-இல், அதாவது மாஸ்டர்சன் கடிதம் எழுதிய அதே ஆண்டில், மான்தோல் உடையும் டிஃபனி நகைக்கடையில் வேலைப்பாடு செய்வித்த கத்தியுமாக ரூஸ்வெல்ட் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் படம் எடுத்துக்கொண்டார். பின்னணியில் இருந்த காடு, ஸ்டுடியோவில் அமைத்த காடு.

துப்பாக்கியால் பிழைத்தவர் இரும்பை இரும்பாகவே கேட்டார். அந்த வாழ்க்கைக்குள் நுழைய ஆசைப்பட்டவர் அதை நகையாக்கிக் கேட்டார். இருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். 1905-இல் குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட், நியூயார்க்கில் மாஸ்டர்சனுக்கு ஒரு துணை மார்ஷல் பதவியும் கொடுத்தார். ரூஸ்வெல்ட்டை இதில் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே அந்தப் புல்வெளியை நேசித்தார், அங்கே உழைத்தார், நஷ்டப்பட்டார். ஆனாலும் ஒரு கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து, அதன் பிடி என்ன, முலாம் என்ன, கொடி எவ்வளவு என்று முடிவு செய்யும்போது ஒருவர் தன்னை யார் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார் என்பதற்கு இந்த இரண்டு துப்பாக்கிகளைப் போல நேரான சாட்சி வேறில்லை.

வாங்கியவர், பார்ப்பவர் இருவரையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் உண்டு. ரூஸ்வெல்ட்டின் துப்பாக்கியில் அந்தக் கொடியை வெட்டியவர் லூயி டேனியல் நிம்ஷ்கே. 1832-இல் சாக்சனி நாட்டு ஸ்விக்காவ் நகரில் பிறந்தவர். 1850 வாக்கில் நியூயார்க்குக்கு வந்து, 1904-இல் இறக்கும்வரை உளியைக் கீழே வைக்காதவர். அலங்காரத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரிடமிருந்தும் அவரைப் போன்றவர்களிடமிருந்தும் தொடங்குவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

துப்பாக்கியின் மேல் படரும் வேலைப்பாட்டுக்கு நம்மிடம் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. கோயில் தூணிலும் தேரிலும் சுருண்டு சுருண்டு ஓடும் இலைக்கொடியை ஸ்தபதிகள் கொடிக்கருக்கு என்பார்கள். அமெரிக்கத் துப்பாக்கிகளில் இருப்பதும் அதே குடும்பத்து உருவம்தான். ரோமானியக் கட்டடங்களின் இலைச்சுருளிலிருந்து ஐரோப்பாவின் மரவேலை, வெள்ளிவேலை வழியாக ஜெர்மானியத் துப்பாக்கிப் பட்டறைகளுக்குள் வந்து, அங்கிருந்து கப்பலேறியது. 1840-களிலும் 1850-களிலும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானியக் கைவினைஞர்கள்தான் அதைக் கொண்டுபோனார்கள். கோல்ட் ஆலையின் தலைசிறந்த செதுக்குநர் குஸ்டவ் யங் பிரஷ்யாவில் பிறந்தவர். அவருக்குப் பின் 1871 முதல் 1921 வரை அரை நூற்றாண்டு அந்த ஆலையின் செதுக்கு வேலைக்குத் தலைமை தாங்கிய கூனோ ஹெல்ஃப்ரிஷ்டும் ஜெர்மானியக் குடும்பத்தவரே. மேற்கு அமெரிக்காவின் அடையாளம் என்று திரைப்படங்கள் நமக்குக் காட்டிய அந்தப் பளபளக்கும் ரிவால்வரின் மேல் இருந்தது மத்திய ஐரோப்பாவின் இலை.

வேலை நடக்கும் விதம் இது. துப்பாக்கியை முழுதாகக் கழற்றி, மெருகேற்றி, ஆனால் முலாமோ நீலச்சாயமோ ஏற்றாமல் வெறும் இரும்பாகச் செதுக்குநரிடம் தருவார்கள். உருக்கைக் கடினப்படுத்துவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். கடினப்பட்ட பின் உளி வழுக்கும், அல்லது முனை உடையும். வெள்ளைச் சாயத்தை மெல்லப் பூசி, அதன்மேல் பென்சிலால் முதலில் சுருளின் தண்டை மட்டும் வரைவார்கள். இலையெல்லாம் பிறகுதான். தண்டு சரியாக வளைந்தால் இலை எப்படியும் அமைந்துவிடும். தண்டில் ஓரிடம் தட்டையாகிவிட்டால் எத்தனை இலை வைத்தாலும் அந்தத் தட்டையைக் கண் கண்டுபிடித்துவிடும். பிறகு சிற்றுளியும் சிறு சுத்தியலும். சதுர முனையுள்ள உளியை நேராகப் பிடித்தால் மெல்லிய கோடு. ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே தட்டிக்கொண்டு போனால் கோடு அகன்று, ஒரு சரிவு கிடைக்கும். அந்தச் சரிவில் விழும் வெளிச்சம்தான் இலைக்குப் புடைப்பு இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. ஒரு சுருளைச் சுற்றி வரும்போது கை மட்டும் திரும்பாது, வேலை செய்பவரின் உடம்பே பிடிசிராவியைச் சுற்றி நகரும். கடைசியில் இலைகளுக்கு நடுவே எஞ்சிய தரையில் மணிமணியாகச் சிறு புள்ளிகளை நெருக்கமாகக் குத்துவார்கள். அந்தப் புள்ளித் தரை மங்கிக் கறுத்து, கொடி மேலெழுந்து நிற்கும். அமெரிக்கப் பாணியை ஆங்கிலேயப் பாணியிலிருந்து பிரித்துக் காட்டும் குறிகளில் இந்தப் புள்ளித் தரை முக்கியமானது. ஆங்கிலேயச் செதுக்கில் சுருள்கள் மிகச் சிறியவை, நெருக்கமானவை, ரோஜாக் கொத்துகளோடு பின்னியவை. ஓரடி தள்ளிப் பார்த்தால் சாம்பல் நிறப் பட்டுத் துணிபோல் இருக்கும். அமெரிக்கச் சுருள் பெரியது, குதிரையில் இருப்பவரின் இடுப்பிலிருந்தே தெரியக்கூடியது.

இதில் ரப்பர் கிடையாது. உளி ஒருமுறை வழுக்கினால் கீறல் அங்கேயே இருக்கும். தேய்த்து அகற்றலாம் என்றால் அந்த இடத்து உலோகம் குறையும். பக்கத்துப் பாகத்தோடு பொருந்தும் விளிம்பு தளரும். நம் பொற்கொல்லருக்காவது தவறிய நகையை உருக்கி மறுபடி தொடங்கும் வாய்ப்பு உண்டு. துப்பாக்கிச் செதுக்குநர் வேலை செய்யும் பொருள் ஏற்கெனவே ஒரு இயந்திரம்.

தங்கம் பதிப்பது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. உருவத்தின் அளவுக்கு இரும்பில் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் ஓரச்சுவரை உட்புறமாகச் சாய்த்துக் குடைந்து, அடித்தளத்தில் சிறு பற்களை எழுப்பிவிடுவார்கள். பிறகு 24 காரட் தங்கக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்ட, மென்மையான தங்கம் பற்களில் சிக்கி, ஓரத்தின் அடியில் பரவி இறுகிக்கொள்ளும். பசை இல்லை, பற்றவைப்பு இல்லை. கலப்புத் தங்கம் கடினம் என்பதால் இதற்கு ஆகாது.

இப்படிப்பட்ட பதிப்பு வேலை உச்சம் தொட்டது அரசர்களுக்கான பரிசுத் துப்பாக்கிகளில். ஆலையை நிறுவிய சாமுவேல் கோல்ட், பரிசு கொடுப்பதையே விற்பனையாக்கியவர். துருக்கி சுல்தான் அப்துல் மெஜீதுக்குக் கொடுத்த கனத்த டிராகூன் ரிவால்வருக்கு ஜோடியாகச் செய்தது ஒன்று, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1853 வாக்கில் செய்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் முகமும் அமெரிக்க அரசின் இலச்சினையும் தங்கத்தில் பதித்தவை. அடுத்த ஆண்டே, 1854-இல், ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாஸுக்கு மூன்று தங்கம் பதித்த ரிவால்வர்களை கோல்ட் கொடுத்தார். அவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் உள்ளன. தேதிகளைக் கவனிக்க வேண்டும். 1853-இல்தான் துருக்கியும் ரஷ்யாவும் கிரிமியப் போரில் இறங்கின. எதிரெதிரே நின்ற இரண்டு மன்னர்களின் மேசையிலும் ஒரே ஆலையின் தங்கக்கொடி. செதுக்கியது குஸ்டவ் யங் என்றே கருதப்படுகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் அதே பாதையில் போனது: 1871-இல் ரஷ்ய ராணுவத்துக்குப் பெருந்தொகையில் ரிவால்வர் செய்துகொண்டிருந்தபோது, அமெரிக்கா வந்த இளவரசர் அலெக்ஸிக்கு அது கொடுத்த அலங்கார ரிவால்வரும் யங்கின் கைவேலை. அப்போது அவர் கோல்ட் ஆலையை விட்டு அங்கே போயிருந்தார்.

மன்னர்களுக்குத் தங்கம் என்றால், சாதாரண வாடிக்கையாளருக்கும் கொஞ்சம் அலங்காரம் கொடுக்க கோல்ட் ஒரு வழி கண்டார். பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி என்பவரைக் கொண்டு கடினமான உருக்கு உருளை ஒன்றில் ஒரு காட்சியைச் செதுக்கச் செய்து, அதைத் தோட்டா உருளைகளின்மேல் அழுத்தி உருட்டினார். 1851-ஆம் ஆண்டு நேவி மாடலில் இருப்பது 1843-இல் டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோ கப்பல்களோடு பொருதிய காட்சி; வேறு சில மாடல்களில் வழிப்பறிக்காரர்கள் தபால் வண்டியை மறிக்கும் காட்சி. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் ஒரே அலை, ஒரே புகை. அதே உத்தியால் போலித் தயாரிப்பாளர்களையும் தடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. கையால் வெட்டியதற்கும் இப்படி அழுத்தியதற்கும் உள்ள வேறுபாடு விரல் நுனியிலேயே தெரியும்: அழுத்திய கோட்டின் அடிப்பகுதி மழுங்கியிருக்கும், உளி வெட்டிய கோடு கண்ணாடித் துண்டின் உட்புறம்போல் மின்னும்.

கைவேலை வேண்டுவோர் தேர்ந்தெடுப்பதற்குப் பின்னாளில் ஒரு அளவுகோலும் வந்தது. மேற்பரப்பில் கால்பங்கு கொடி படர்ந்தால் ஏ, பாதி என்றால் பி, முக்கால் என்றால் சி, முழுதும் என்றால் டி. கூலிக் கணக்குக்கு இது வசதி. ஆனால் பரப்பளவுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. உண்மையான திறமையைப் பார்க்க விரும்புபவர் ஏ தரத்துத் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும் என்பேன். கொடி எங்கே தொடங்கி எங்கே நின்றது, வெற்று உருக்கு எவ்வளவு விடப்பட்டது, குழலின் வளைவும் சுருளின் வளைவும் ஒன்றையொன்று மதிக்கின்றனவா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முழுதும் நிரப்பும்போது தடுமாற்றம் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. முலாமும் இதே சோதனைதான். நிக்கலோ தங்கமோ தடித்தால் கோட்டின் கூர்மை மங்கும். ஆழமாக வெட்டத் தெரிந்தவரின் வேலை மட்டும் முலாமுக்கு அடியிலிருந்தும் பேசும்.

பிடி தனிக் கதை. வால்நட் மரம், கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசின், முத்துச்சிப்பி, யானைத்தந்தம் என்று வரிசை. பாம்பைக் கவ்விய மெக்சிகோ கழுகைத் தந்தத்தில் புடைப்பாகச் செதுக்கிய பிடிகள் அந்தக் காலத்தில் எல்லையின் இருபுறமும் விரும்பி வாங்கப்பட்டன. தந்தத்தைப் பற்றிய மிகப் பிரபலமான சண்டை அமெரிக்க ஜெனரல் பேட்டனுடையது. இளம் லெஃப்டினன்டாக இருந்தபோது, 1916 மார்ச்சில், டெக்சாஸின் எல் பாசோ நகரக் கடையில் அவர் கோல்ட் ரிவால்வர் ஒன்றை வாங்கினார். வெள்ளி முலாம், ஹெல்ஃப்ரிஷ்ட் பட்டறையின் கொடி, தந்தப் பிடியில் பெயரின் முதலெழுத்துகள், 4¾ அங்குலக் குழல். மாஸ்டர்சன் கேட்டாரே, கம்பி முடியும் இடத்தில் முடியும் குழல், அதே நீளம். அதே ஆண்டு மே 14 அன்று மெக்சிகோவின் ரூபியோ பண்ணையில் புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவின் ஆட்களோடு நடந்த மோதலுக்குப் பிறகு அதில் இரண்டு கீறல்களைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் நிருபர்கள் அவர் துப்பாக்கிப் பிடியை முத்துச்சிப்பி என்று எழுதியபோது அவருக்குக் கோபம் வந்தது. சிப்பிப் பிடி வைத்திருப்பவன் மூன்றாந்தரத் தரகன் என்ற பொருளில் அவர் வெடித்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. இந்தக் கோபம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளி பூசி, கொடி படரவிட்டு, பெயர் பொறித்து, இடுப்பில் எல்லோரும் பார்க்க அணிந்த ஒருவர், பகட்டுக்காரன் என்று பெயர் வருவதை மட்டும் சகிக்கவில்லை. அலங்காரத் துப்பாக்கி வைத்திருந்த பெரும்பாலோர் இந்தக் கயிற்றின்மேல்தான் நடந்தார்கள்: பார்க்கவும் வேண்டும், பார்ப்பதற்காகச் செய்தது என்று யாரும் சொல்லிவிடவும் கூடாது.

அந்தப் பிடிகளுக்கான யானைகளைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. 1989-இல் சர்வதேச உடன்படிக்கை ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. 2016-இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள்ளான விற்பனையையும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. 200 கிராமுக்குக் குறைவான தந்தம் சேர்ந்த பழைய பொருள்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. பழைய கைத்துப்பாக்கிகள் பலவும் அந்த இடைவெளியில்தான் கைமாறுகின்றன. இன்று புதிதாகப் பிடி செய்வோர் பனிநிலத்தில் தோண்டியெடுத்த மாமூத் தந்தத்துக்கும் மாட்டெலும்புக்கும் பிசின் கலவைக்கும் போய்விட்டார்கள். இது நல்ல மாற்றம். ஒரு கையளவு வெண்மைக்காக ஒரு யானை சாக வேண்டியதில்லை.

பேட்டனின் இரண்டு கீறல்களைச் சொன்னேன். துப்பாக்கிப் பிடியில் போடும் கீறலும் ஒருவகைப் பொறிப்புதான். உளிக்கொடி வாங்கியவரின் வசதியைச் சொல்கிறது, கீறல் கொன்ற கணக்கைச் சொல்கிறது. மாஸ்டர்சன் முதுமையில் நியூயார்க்கில் விளையாட்டுப் பத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு சேகரிப்பாளர் அவருடைய பழைய துப்பாக்கியைக் கேட்டு நச்சரித்ததாகவும், அடகுக்கடையில் ஒன்றை வாங்கி, பிடியில் 22 கீறல்களைத் தானே போட்டுக் கொடுத்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதில் உள்ள ஆபத்து மெய். சேகரிப்புச் சந்தையில் மிகப் பெரிய மோசடி பழைய வெற்றுத் துப்பாக்கியில் புதிதாகக் கொடி வெட்டுவது. நூறு ஆண்டு உறையில் உரசித் தேய்ந்த குழலில் கொடியின் விளிம்பு மட்டும் நேற்று வெட்டியதுபோல் நறுக்கென்று இருந்தால், தேய்மானத்துக்குப் பிறகு உளி வந்திருக்கிறது. ஆலையின் பழைய அனுப்புகைப் பேரேடுகளில் அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த நாளில், எந்தக் கடைக்கு, என்ன முலாமோடு போனது என்ற வரி இருந்தால் அதுவே சாட்சி. கோல்ட் நிறுவனம் அந்தப் பேரேட்டைப் பார்த்துச் சான்றுக் கடிதம் தருகிறது. கொடியைவிடச் சில நேரம் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

சந்தையின் போக்கைப் பார்க்கும்போது எனக்குச் செதுக்குநர்களை நினைத்து வருத்தம் வருகிறது. 2021 ஆகஸ்டில் ஒரு கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கும் மேல் விலை போனது. அதில் கொடியும் இல்லை, தங்கமும் இல்லை. 1881-இல் ஷெரீஃப் பாட் காரெட், கொள்ளையன் பில்லி தி கிட்டைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி என்பதுதான் அதன் ஒரே அணிகலன். 2024 ஜூலையில் பிரான்சின் ஃபோன்டென்புளோவில் நெப்போலியனின் இரண்டு கைத்துப்பாக்கிகள் சுமார் 17 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயின. தங்கமும் வெள்ளியும் பதித்த, அவருடைய முகமே பொறித்த ஜோடி அது. 1814-இல் எல்லாம் இழந்தபின் அவற்றால் தன்னையே சுட்டுக்கொள்ள நினைத்தார். உதவியாளர் கொலன்கூர் வெடிமருந்தை எடுத்துவிட்டிருந்தார். செய்தித்தாள்கள் அந்த இரவைப் பற்றியே எழுதின. அந்த முகத்தை வடித்த கையைப் பற்றி எழுத அவற்றில் அதிகம் இடம் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வேலை நிற்கவில்லை. பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டாலில் எஃப்என் ஆலை தன் பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை ரெனைசான்ஸ் என்ற பெயரில் வெள்ளி நிறத்தில் முழுக்கச் செதுக்கி விற்றது. இத்தாலியின் கார்தோனே நகரில் ஊசி முனையால் லட்சக்கணக்கான புள்ளிகளை வைத்து, பறவையின் கழுத்திறகைப் புகைப்படம்போல் காட்டுகிறார்கள். 1960-களின் இறுதியில் கன்சாஸின் எம்போரியா நகரில் காற்றழுத்தத்தால் துடிக்கும் செதுக்குக் கருவி உருவாகி, சுத்தியலின் இடத்தைப் பிடித்தது. அதன்பின் லேசர் வந்தது. இப்போது எந்தப் படத்தையும் சில நிமிடங்களில் உலோகத்தில் ஏற்றிவிடலாம். அந்த வேகத்தோடு இன்னொன்றும் வந்தது: அலங்காரம் முதன்முறையாக அச்சிட்ட பேச்சுபோல மலிவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் துப்பாக்கியின்மேல் சொல்லலாம்.

மெக்சிகோ நகரில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் 1985 முதல் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. போதைப்பொருள் கடத்தல் கும்பல்களிடமிருந்து ராணுவம் கைப்பற்றியவை அங்கே உள்ளன. பொதுமக்கள் பார்வைக்கு அல்ல, படையினரின் பயிற்சிக்கு. தங்க முலாம் பூசிய துப்பாக்கிகள், கல் பதித்த பிடிகள், கடத்தல்காரர்கள் வணங்கும் ஹெசுஸ் மால்வெர்தேயின் உருவம் பொறித்தவை என்று அடுக்கடுக்காக. சுல்தானுக்கும் ஜாருக்கும் சேர்ந்த அதே இலக்கணம்தான் அங்கேயும் வேலை செய்கிறது. ஒரே வேறுபாடு, ஹெர்மிடாஜில் இருப்பவை பரிசாகப் போனவை.

2021 ஆகஸ்டில் மெக்சிகோ அரசு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள்மேல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1,000 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. மனுவில் கோல்ட் நிறுவனத்தின் மூன்று சிறப்புப் பதிப்புகள் பெயரோடு குறிப்பிடப்பட்டிருந்தன: எல் ஹெஃபே, எல் கிரிதோ, எமிலியானோ ஸபாத்தா. முதல் பெயருக்குத் தலைவன் என்று பொருள்; இரண்டாவது மெக்சிகோவின் விடுதலை முழக்கத்தைக் குறிப்பது. மூன்றாவது மாடலில் விவசாயிகளின் புரட்சித் தலைவர் ஸபாத்தாவின் உருவமும், மண்டியிட்டு வாழ்வதைவிட நின்றபடி சாவதே மேல் என்ற அவர் பெயரிலான வாசகமும் பொறிக்கப்பட்டிருந்தன. 2017 மார்ச் 23 அன்று சிவாவா நகரில், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகத் தன் வீட்டு வாசலில் காரில் காத்திருந்த பத்திரிகையாளர் மிரோஸ்லாவா பிரீச் சுட்டுக் கொல்லப்பட்டார். கடத்தல் கும்பலுக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பை எழுதிவந்தவர் அவர். கொலைக்குப் பயன்பட்டது அந்த ஸபாத்தா பதிப்புத் துப்பாக்கி என்கிறது மனு. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி எலெனா ககன் எழுதிய அந்தத் தீர்ப்பு இந்தப் பொறிப்புகளையும் எடுத்துப் பேசுகிறது: இவை கும்பல்களைக் கவரலாம், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஹிஸ்பானிய அமெரிக்கர் பலரையும் கவரலாம், குற்றத்துக்கு உடந்தை என்று சொல்ல இது போதாது என்பது வாதம்.

சட்டத்தின் கணக்கு அப்படி இருக்கலாம். எனக்கு அந்த வாசகம் உறுத்துகிறது. நிலமில்லாதவர்களுக்காக நின்ற ஒருவரின் முகத்தையும் சொல்லையும் லாபத்துக்காக இரும்பில் ஏற்றி, அது எந்த இடுப்புக்குப் போகிறது என்று பார்க்காமல் விடுவது வெறும் அலங்காரம் ஆகாது. இலைக்கும் கொடிக்கும் பொருள் இல்லை, எழுத்துக்கு உண்டு. நிம்ஷ்கேயின் உளியும் யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரும் பெயர்களைப் பொறித்தார், கழுகுகளைப் பொறித்தார். அந்தத் துப்பாக்கிகள் எங்கே போயின என்பதை அவரும் முழுதாக அறிந்திருக்க முடியாது. ஆனால் அவர் ஒன்று செய்தார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

ஒரு துப்பாக்கியை முடித்ததும் அதைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், வெட்டிய கோடுகளுக்குள் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அழுத்தி எடுப்பார். கொடி அப்படியே தாளில் இறங்கும். அந்தத் தாள்களை வெட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினார். அரை நூற்றாண்டு வேலை இப்படிச் சேர்ந்தது. 1965-இல் அது அச்சில் வந்த பிறகுதான், கையெழுத்தில்லாத எத்தனையோ துப்பாக்கிகள் யாருடைய கையிலிருந்து வந்தவை என்று அருங்காட்சியகங்களுக்குச் சொல்ல முடிந்தது. குழலும் விசையும் தோட்டாவும் இல்லாமல், கொடி மட்டும் இருக்கிற பக்கங்கள் அவை. மை அழுத்தி எடுத்த படி என்பதால் எல்லாமே இடவலம் மாறித்தான் விழும். இலைச்சுருளுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கொடிதான். வாங்கியவர்களின் பெயர்களைப் படிக்கத்தான் கண்ணாடி முன்னால் பிடிக்க வேண்டியிருக்கிறது.